இறக்கத்துக்குப் பின்பாரம்

திம்மப்பன் பொய் சொல்ல மாட்டான். ஓசூர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்; சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டுவார்கள். புளி வாங்க வந்தவன் "கொட்டை எடுத்ததா?" என்று கேட்டால், "நீயே கையை விட்டுப் பாருப்பா" என்பான். மூட்டையின் மேல்பக்கம் கையை விட்டவனுக்குக் கொட்டை தட்டுப்படாது. அடிப்பக்கத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. புளி, மிளகாய், கொள்ளு என்று மூன்று தலைமுறையாகத் தரகு பார்த்த குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பேசப் பழகுவதற்கு முன்பே, எதைப் பேசாமல் விடுவது என்று பழகிவிடும்.

அப்படிப்பட்டவன் பெங்களூருக்கு மிளகாய் விற்கப் போய், மிலிட்டரி ஏலத்தில் எடுத்த மோட்டார் வண்டியோடு திரும்பினான். ஏலக்காரன் அதைப் பிக்கப் என்றான். முன்னால் இரண்டு பேர் உட்காரக் கூண்டு, பின்னால் திறந்த தொட்டி. லாரிக்கு இளைத்தது, ஜீப்புக்குக் கொழுத்தது. சந்தை அதற்கு அரை லாரி என்று பெயர் வைத்தது. அதன் பின்புறத்தில் பன்றிவால் போல ஓர் இரும்புக் கொக்கி. அதில் மாட்டி இழுத்துவர இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றையும் கொசுறு கேட்கிற மாதிரி கேட்டுக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"வண்டிக்குப் பின்னால இன்னொரு வண்டியா?" என்றாள் அவன் மனைவி கெம்பம்மா. "ஒண்ணைக் கட்டி மேய்க்கவே துப்பில்ல, இதுல கன்னுக்குட்டி வேறயா?"

ஆனால் அரை லாரி சம்பாதித்தது. ஏற்றி இறக்க முனிசாமியை வேலைக்கு வைத்துக்கொண்டான். முனிசாமி மாட்டுவண்டி ஓட்டியவன். வெக்கை நோய் வந்து ஒரே வாரத்தில் இரண்டு மாடுகளும் போன பிறகு, அவனிடம் மிச்சம் இருந்தவை சாட்டையும், செல்லி என்கிற பெண்சாதியும்தான். சாட்டையை அவன் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. மாடே அவனை நம்பி நடக்கும் என்பார்கள். இருந்தாலும் வேலையில் கொஞ்சம் சோம்பல். பத்தடி தள்ளி வைக்க வேண்டியதை எட்டடியிலேயே இறக்கிவிட்டு, "இங்கயே நல்லா இருக்குது" என்று முடித்துவிடுவான்.

அந்த வருஷம் மழைக்கு முன்பாக ஒரு கிராக்கி வந்தது. மலையில் நல்ல கல் எங்கே கிடைக்கும் என்று தேடித் திரியும் ஒரு மெட்ராஸ் கம்பெனி, ஓசூரில் கூடாரம் அடித்திருந்தது. அவர்களிடம் ஒரு வீட்டு வண்டி. ஏதோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. கட்டில், அடுப்பு, ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. யாராவது இழுத்துக்கொண்டு போனால்தான் அந்த வீடு ஊர் மாறும். கேம்ப்பை ராயக்கோட்டைக்கு மாற்ற வேண்டும், வீட்டை இழுக்க முடியுமா என்று கேம்ப் ஆபீசர் கேட்டார். அவர் பெயர் தீர்த்தகிரி, தர்மபுரிக்காரர். குரல் உயர்த்தாமல் பேசுகிறவர்.

"என் வண்டி கோட்டையையே இழுக்கும். இது வீடுதானுங்களே?" என்றான் திம்மப்பன்.

தீர்த்தகிரியின் கண் முனிசாமியின் மேல் விழுந்தது. "கேம்ப்புக்குக் காவலுக்கும் பார வேலைக்கும் நிரந்தரமா ஓர் ஆள் வேணும். மாசச் சம்பளம், வருஷத்துக்கு ரெண்டு காக்கி உடுப்பு. வீட்டைப் பத்திரமா ராயக்கோட்டைக்குக் கொண்டு சேர்த்துடு, உன்னையே வச்சுக்கறேன்" என்றார்.

முனிசாமி அதைச் செல்லியிடம் சொன்னான். செல்லி தெருவிடம் சொன்னாள். விடிவதற்குள் முனிசாமி காக்கிச் சட்டை போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

மறுநாள் காலை பாரம் ஏற்றினார்கள். கேம்ப்பில் எதற்கும் எடை இல்லை, கல்லைத் தவிர. மாதிரிக் கற்கள் நிறைந்த மரப்பெட்டிகள். வீட்டு வண்டிக்கு வாசல் முன்பக்கம், கொக்கிக்கு அருகில் இருந்தது. முனிசாமி பெட்டிகளைக் கொண்டுபோய் வாசலுக்கு உள்ளேயே, காலடியில் அடுக்கினான். அரை லாரியின் பின்புறம் கொஞ்சம் அமுங்கியது. திம்மப்பனுக்குத் தன் முதுகே அமுங்கினது போல இருந்தது.

"ஏன்டா, இன்னும் நாலடி உள்ளாற தூக்கிட்டுப் போனா இடுப்பு ஒடிஞ்சுடுமா?"

"இங்கயே நல்லா இருக்குது மொதலாளி. எறக்கறப்ப சுளுவு."

"சுளுவு! கழுத்துல பாரம் ஏறுது பாரு. நீயெல்லாம் மாடு ஓட்டினவனா? எறக்கத்துக்கு எங்கடா பாரம் வைக்கணும்?"

முனிசாமிக்குத் தெரியாததா? மாட்டுவண்டி உள்ள வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏற்றத்தில் முன்பாரம், இறக்கத்தில் பின்பாரம். இறக்கத்தில் முன்பாரம் வைத்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அறுத்துவிடும். ராயக்கோட்டை வழியில் இறக்கம் உண்டு.

"பின்பாரம்" என்றான் முனிசாமி தலையைச் சொறிந்துகொண்டு.

"அப்புறம் என்ன? தூக்கு."

பெட்டிகள் அத்தனையும் கடைசிக்குப் போயின. அரை லாரியின் பின்புறம் மூச்சு விட்டது போல மேலே எழுந்தது. திம்மப்பன் அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்தான், மாட்டைத் தட்டுவது போல.

உத்தனப்பள்ளி வரைக்கும் வீடு ஒழுங்காக வந்தது. அதைத் தாண்டி, கோட்டை மலை கண்ணில் படுகிற நீண்ட இறக்கத்தில், பின்னால் யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்த மாதிரி ஓர் இழுப்பு. அப்புறம் மறுபக்கம் ஓர் இழுப்பு. திம்மப்பன் பிரேக்கை மிதித்தான். மிதித்ததும் வீடு இன்னும் அதிகமாக ஆடியது. நாயின் வாலுக்கு வெறி பிடித்து நாயையே ஆட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பக்கக் கண்ணாடியில் பூப்போட்ட திரையோடு ஒரு ஜன்னல் அவனை எட்டிப் பார்த்தது, போனது, மறுபடி எட்டிப் பார்த்தது. கொக்கி துள்ளி விடுபட்டது. வீடு தனியாகக் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே உருண்டு, ராகிக் காட்டுப் பள்ளத்தில் சாய்ந்து படுத்தது. வாசல் வழியாகக் கட்டில் பாதி வெளியே வந்தது. நல்லவேளை, ஆள் அடிபடவில்லை. முனிசாமி கூண்டுக்குள் திம்மப்பனின் பக்கத்தில்தான் இருந்தான்.

சைக்கிளில் ஆள் போய்ச் சொல்லி, தீர்த்தகிரி வந்து சேர்ந்தார். வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். கடைசியில் குவிந்து கிடந்த கல்பெட்டிகளைப் பார்த்தார்.

"யார் பாரம் ஏத்தினது?"

திம்மப்பன் வாயைத் திறந்தான். "முனிசாமிதானுங்க ஏத்தினான்."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. தூக்கினது முனிசாமி, அடுக்கினது முனிசாமி. மூட்டையின் மேல்பக்கச் சரக்கு, சுத்தமானது. எங்கே அடுக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை.

முனிசாமி இவனைத் திரும்பிப் பார்ப்பான், "நீங்கதானே சொன்னீங்க" என்பான் என்று திம்மப்பன் எதிர்பார்த்தான். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தான். ஆனால் முனிசாமி தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதானுங்க" என்றான்.

"அப்ப வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார் தீர்த்தகிரி, குரல் உயர்த்தாமல்.

திரும்பி வரும் வழியில் முனிசாமி மடியை அவிழ்த்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தான். பழம் அடியும் படாமல் மஞ்சளாக மின்னியது.

"காலையில சக்கரத்துக்கு அடியில வைக்கச் சொல்லி செல்லி கட்டிக் குடுத்தா மொதலாளி. வேலை கெடச்ச சந்தோஷத்துல மறந்துட்டேன். அதான் கவுத்துடுச்சு. உங்க வண்டிக்கு என்னாலதான் கேடு."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். ஆனால் திம்மப்பன், "போனாப் போகுது விடு" என்றான். ஆம், மன்னித்துவிட்டான்! அந்தப் பெருந்தன்மை தொண்டையில் புளியங்கொட்டை மாதிரி மாட்டிக்கொண்டது. இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

செய்தி சந்தைக்கு இவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. சந்தைக்குக் கைராசி என்றால் உயிர். காலையில் முதல் மூட்டையை யார் தூக்குகிறான் என்று பார்த்துத்தான் கடை திறப்பார்கள். மாடு இரண்டும் செத்தவன், வீட்டையே கவிழ்த்தவன் என்று முனிசாமிக்குப் பெயராகிவிட்டது. அவன் மூட்டைப் பக்கம் வந்தால், "நீ கொஞ்சம் அப்படி நில்லுப்பா, போணி ஆகட்டும்" என்பார்கள். போணி ஆன பிறகு ஆள் தேவைப்படாது. எதிர்க்கடையில் டீ குடித்தபடி திம்மப்பன் இதைப் பார்த்தான். டீ ஆறிப்போயிற்று.

முனிசாமியோ தினமும் விடிந்ததும் திம்மப்பன் வாசலுக்கு வந்து அரை லாரியைக் கழுவினான். கூலி கேட்கவில்லை. கொடுத்தாலும் வாங்கவில்லை. "கெடுத்தவன் நான். கழுவியாச்சும் தீத்துக்கறேன்" என்றான். கழுவி முடித்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவான். சோம்பேறி முனிசாமி சக்கரத்தின் உள்விளிம்பைக்கூட விடாமல் தேய்த்தான். திம்மப்பனுக்கு எலுமிச்சங்காய் ஊறுகாயைக் கண்டாலே முகம் திரும்பியது.

அவன் வழக்கப்படி பேரத்தில் இறங்கினான். மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரருக்கு ஐந்து தேங்காய் என்று ஆரம்பித்தான். மனசு அடங்கவில்லை. பதினொன்று என்று ஏற்றினான். சாமி பதில் பேசவில்லை. பேரத்தில் வாயைத் திறக்காதவன்தான் ஜெயிப்பான் என்பது திம்மப்பனுக்குத் தெரியும். எதிராளி இந்த ரகம் என்று தெரிந்ததும் பேரத்தை விட்டுவிட்டான்.

அப்போதும் ஒரு சமாதானம் மிச்சம் இருந்தது. பின்பாரம் வைத்ததால்தான் கவிழ்ந்தது என்று யார் கண்டது? கொக்கி பழசாக இருக்கலாம். சாலை சரியில்லாமல் இருக்கலாம்.

அந்தச் சமாதானத்தையும் மழை வந்து கரைத்தது. ராயக்கோட்டைக்குக் கொள்ளு மூட்டை ஏற்றி, டிரெய்லரை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்க்கொண்டிருந்தான். வழியில் மழை பிடித்தது. டிரெய்லரின் தார்ப்பாய் பின்பக்கம் கிழிந்திருந்தது. நனைந்த கொள்ளு முளைத்துவிடும். முளைத்த கொள்ளை எந்த வார்த்தையாலும் விற்க முடியாது. வண்டியை நிறுத்தி, மூட்டைகளை எல்லாம் முன்பக்கம் இழுத்து அடுக்கினான். அரை லாரியின் பின்புறம் அமுங்கியது. திட்டிக்கொண்டே அந்த இறக்கத்தில் இறங்கினான்.

டிரெய்லர் பசுவின் பின்னால் வரும் கன்று போல வந்தது. ஆட்டமில்லை, இழுப்பில்லை.

கீழே நிறுத்திவிட்டு மழை விடக் காத்திருந்தான். மழை விட்டதும் மறுபடி மேலே ஏறினான். மூட்டைகளைப் பின்னால் தள்ளிவிட்டு மெதுவாக இறங்கிப் பார்த்தான். வால் ஆட ஆரம்பித்தது. வண்டியை அப்படியே மெல்ல உருளவிட்டு நிறுத்தினான். மாட்டுக்குக் கழுத்து வலிக்கும், மோட்டாருக்கு வலிக்காது. மோட்டாருக்குக் கழுத்தில் பாரம் இருந்தால்தான் பின்னால் வருவது அடங்கி வரும். முனிசாமி சோம்பலில் சரியாகச் செய்ததை, இவன் சுறுசுறுப்பாகக் கெடுத்திருக்கிறான்.

அன்று இரவுச் சோறு இறங்காமல், எல்லாவற்றையும் கெம்பம்மாவிடம் கொட்டிவிட்டான். அவள் கேட்டு முடித்துவிட்டுத் தட்டை எடுத்தாள்.

"இதை எங்கிட்டச் சொல்லி என்னாகப் போகுது? எனக்கா காக்கிச் சட்டை போச்சு?"

மறுநாள் காலை வாளியும் துணியுமாக வந்த முனிசாமியை, "ஏறு வண்டியில" என்றான். டிரெய்லரையும் மாட்டிக்கொண்டான். முனிசாமி வழக்கம் போல நான்கு பழங்களை வைத்தான். நான்கும் நசுங்கின.

கேம்ப், இறக்கத்தின் அடியில் புளியமரங்களுக்கு நடுவே இருந்தது. வீட்டு வண்டியை நிமிர்த்தி ஆணி அடித்திருந்தார்கள். இன்னும் சில நாளில் அஞ்செட்டிப் பக்கம் போகப் போகிறார்கள், காவலுக்கு ஆள் இன்னும் அமையவில்லை என்று திம்மப்பன் கேள்விப்பட்டிருந்தான். கூலியாட்கள் எல்லாம் சுற்றி நிற்கும்போதே, தீர்த்தகிரியின் முன்னால் நின்று சொன்னான்.

"ஐயா, அன்னிக்கு ஏத்தினது இவன். ஆனா பின்னால ஏத்தச் சொன்னது நான். இவன் முன்னாலதான் வச்சான். திட்டி மாத்த வச்சேன். நீங்க கேட்டப்ப பாதியை முழுங்கிட்டேன்."

தீர்த்தகிரி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"கூலிக்காரனுக்காக இவ்வளவு தூரம் வந்து, பழியைத் தன் தலையில போட்டுக்கிற மொதலாளியை நான் பார்த்ததே இல்லை."

"போட்டுக்கலைங்க. என் தலையிலதான் இருக்குது!"

"பெரிய மனசு" என்றான் ஒரு கூலியாள். இன்னொருவன் கும்பிடே போட்டுவிட்டான். திம்மப்பனுக்குத் தலை சுற்றியது. நாற்பது வருஷமாகப் பாதிச் சரக்கைக் காட்டினான், சந்தை நம்பி வாங்கியது. இன்று முதல்முறையாக மூட்டையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினால் ஒருவன்கூட நம்பவில்லை.

"சரி, உங்க முகத்துக்காக இவனையே வச்சுக்கறேன்" என்றார் தீர்த்தகிரி.

அங்கேயே முடித்துக்கொண்டிருக்கலாம். வேலை கிடைத்தது, பெயரும் கிடைத்தது. இப்படி ஒரு லாபத்தை எந்தத் தரகன் வேண்டாம் என்பான்? ஆனால் முனிசாமி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பின்வாங்கினான்.

"வேண்டாங்க ஐயா. என் கை தரித்திரம் புடிச்ச கை. உங்க கேம்ப்பும் கவுந்துடும். மொதலாளி, இந்தக் கழுதைக்காக உங்க பேரை எதுக்குக் கெடுத்துக்கறீங்க?" கண் கலங்கியிருந்தது.

திம்மப்பனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். நேராகப் போய், கிடந்த உடைகல் ஒன்றைத் தூக்கித் தன் டிரெய்லரின் கடைக்கோடியில் போட்டான். அடுத்ததையும் தூக்கினான். முனிசாமி ஓடி வந்தான்.

"தொடாதே! ஒரு கல்லைக்கூடத் தொடாதே. உன் கை படாமத்தான் இதை ஏத்தணும்."

புளிமூட்டையையே ஆள் வைத்துத் தூக்கினவன். இடுப்பு கத்தியது, வேட்டி அவிழ்ந்தது, ஒரு விரல் நசுங்கியது. டிரெய்லரின் பின்பக்கம் மட்டும் கல் நிறைந்தது. "எலுமிச்சம்பழம் இருக்குதா?" என்றான். முனிசாமி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டு வண்டியின் சக்கரங்களுக்கும் திம்மப்பனே வைத்தான். வண்டியைக் கிளப்பி எல்லாவற்றையும் நசுக்கினான். "நசுங்கினதைப் பாத்துக்கிட்டியா? ஒண்ணுகூட விடல. ஏறு."

மேட்டு உச்சிக்குப் போய்த் திரும்பினார்கள். இறங்கத் தொடங்கியதும் பழைய இழுப்பு வந்தது. முனிசாமி கதவைப் பிடித்துக்கொண்டான். திம்மப்பன் பிரேக்கைத் தொடவில்லை. டிரெய்லர் இந்தப் பக்கம் வீசியது, அந்தப் பக்கம் வீசியது, கொக்கியைப் பிய்த்துக்கொண்டு ஒரு புளியமரத்தில் மோதி இரண்டாகப் பிளந்தது. கற்கள் தடதடவென்று ராகிக் காட்டுக்குள் ஓடின. அரை லாரி தள்ளாடி, ஓரத்தில் போய் நின்றது.

கேம்ப்பிலிருந்து ஆட்கள் ஓடி வருவது தெரிந்தது. முனிசாமி இறங்கினான். உடைந்த டிரெய்லரைப் பார்க்கவில்லை. அரை லாரியின் முன்சக்கரத்தருகே குந்தி, ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோலைக் கிள்ளி எடுத்தான்.

"எல்லாப் பழமும் நசுங்குச்சே" என்றான்.

"நசுங்குச்சு."

"என் கையும் படல."

"படல."

"அப்ப… அன்னிக்கு நான் வச்ச எடம்?"

"சரியான எடம். அப்படியே விட்டிருந்தா வீடு பத்திரமா போய்ச் சேர்ந்திருக்கும். உனக்கும் அன்னிக்கே வேலை ஆகியிருக்கும்."

முனிசாமி தோலை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். அவன் கேட்கக்கூடாது என்று திம்மப்பன் பயந்த கேள்வி கடைசியில் வந்தது.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

தப்பிக்க ஒரு வழி இருந்தது. கவிழ்ந்த காரணம் அன்றைக்குத் தெரியாதுதான். "தெரியாது" என்றால் அதுவும் எழுத்துப் பிசகாத உண்மைதான். நாக்கு அந்தப் பக்கம்தான் புரண்டது. இழுத்துப் பிடித்தான்.

"எதனால கவுந்துச்சுன்னு தெரியாது. ஆனா மாத்தச் சொன்னது நான்னு தெரியும். அவர் கேட்டப்பவே தெரியும். சொன்னா கிராக்கி போயிடும்னு உன்னைக் காட்டிட்டேன்."

முனிசாமி எழுந்தான். திட்டுவான், கையை ஓங்குவான் என்று திம்மப்பன் நின்றான். ஓங்கினால் வாங்கிக்கொள்ளத் தயாராகக்கூட இருந்தான்.

"சந்தையில போணி ஆகட்டும் நில்லுன்னு என்னை ஓரமா நிறுத்தினப்ப" என்றான் முனிசாமி மெதுவாக, "நீ எதிர்க்கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தே."

நீ என்றுதான் சொன்னான். இத்தனை வருஷத்தில் முதல்முறை.

"ஆமா. இருந்தேன்."

தீர்த்தகிரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பிளந்து கிடந்த டிரெய்லரையும், காட்டுக்குள் சிதறிய கற்களையும், திம்மப்பனின் முகத்தையும் பார்த்தார். இந்தத் தடவை பெரிய மனசு என்று யாரும் சொல்லவில்லை. கும்பிட்டவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். முனிசாமி அவரிடம், "ஐயா, அந்த வேலை இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டான். அவர் தலையசைத்தார். "அப்ப நான் வர்றனுங்க. என் கைக்கு ஒண்ணும் கேடில்ல."

நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினான்.

"நாளைக்கு உன் வண்டிய நீயே கழுவிக்க, திம்மப்பா."

மறுநாள் விடிந்ததும் திம்மப்பன் வாளியோடு வாசலில் இறங்கினான். நசுங்கின விரலில் துணி சுற்றியிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. தெருவில் போனவர்கள் முனிசாமி எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முழுசாகச் சொன்னான். சிலர் சிரித்தார்கள்; ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார். துப்பியதையும் சேர்த்துக் கழுவினான்.

கெம்பம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "சக்கரத்துக்கு உள்பக்கம் சேறு அப்படியே இருக்குதே?"

"இருக்குது" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்தான்.